ஏலத்தில் எடுத்த யந்திரம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காவிட்டால் மோசம் போவாய் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மாடாயிருந்தால் பல் உண்டு, கொம்பு உண்டு, சுழி உண்டு. ஆனால் எழுபது வருஷங்களுக்கு முன் செய்யப்பட்டு, பாதிக் காலம் ஏதோ ஒரு கொட்டகையின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்த விதை ஊன்றும் யந்திரம் ஒன்றை ஏலத்தில் எடுத்து வந்தால், அதன் வயதையும் வம்சத்தையும் எதைப் பிடித்துப் பார்த்து அறிவது?

இந்த அபூர்வமான கேள்விக்கு விடை தேடும் பாக்கியம் சென்ற வருஷக் கோடை விடுமுறையில் எனக்குக் கிட்டியது. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாகாணத்தில் பியோரியா என்னும் நகரத்தில் என் தம்பி எஞ்சினீயராயிருக்கிறான். அவன் வீட்டுக்குத் தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் கரிய மண். அந்த மண்ணில் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் தவிர வேறு பயிரைக் காண்பது அரிது. தம்பியின் சிநேகிதரான ஒரு கிழவர் அங்கே குடியிருக்கிறார். வயது எழுபத்தெட்டு. அந்த நாட்டில் பெரியவர்களையும் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள். எனக்கோ நாக்கு எழவில்லை; 'ஐயா' என்றே அழைத்தேன். அவரும் அது தமக்கு ஏதோ ஒரு பட்டப்பெயர் போலும் என்று எண்ணிச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். பதிலுக்கு அவர் எனக்கு வைத்த பெயர் 'வாத்தியார்.'

கிழவருடைய நிலம் முழுவதும் இப்போது குத்தகைக்குப் போய்விட்டது. குத்தகைக்காரர் இருபத்து நான்கு வரிசைகளை ஒரே சமயத்தில் விதைக்கும் ராட்சச யந்திரத்தை ஆகாயத்திலுள்ள செயற்கைக் கோள்களின் வழிகாட்டுதலுடன் ஓட்டுகிறார். வீட்டை ஒட்டிய இரண்டு ஏக்கரை மாத்திரம் கிழவர் தமக்கென்று வைத்துக் கொண்டிருந்தார். அதில் தம்முடைய தகப்பனார் விதைத்த பழைய சோளத்தை, தகப்பனார் விதைத்த முறையிலேயே, பதினான்கு வயதுப் பேரனைக் கொண்டு விதைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை.

தகப்பனாரின் டிராக்டர் இருந்தது. ஆனால் விதை ஊன்றும் யந்திரம் இல்லை. 1980-களில் வட்டி ஏறி, நில மதிப்பு இறங்கி, அமெரிக்கக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் நொடித்துப் போன காலத்தில் அது ஏலத்துக்குப் போய்விட்டது. இப்போது வேறோர் ஏலத்தில் அதைப் போன்ற ஒன்றை எடுத்து வந்திருந்தார். பெயர்த் தகடு இல்லை, புஸ்தகம் இல்லை, விற்றவருக்கு விவரமும் தெரியவில்லை. விதை இருபத்தைந்து பவுண்டு மாத்திரம் இருந்தது. அது வீணானால் அந்த வருஷத்துக்கு வேறு விதை கிடையாது. விதைப்பதற்கு ஏற்ற காலமோ, மழைக்கு நடுவே மே மாதத்தில் கிடைக்கும் நாலைந்து உலர்ந்த நாட்கள்தான்.

"வாத்தியார் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவராமே! இது முழுக்க முழுக்கக் கணக்கு சம்பந்தமான யந்திரம்" என்று கிழவர் என்னை அழைத்துக்கொண்டு போனார்.

இடைவெளி என்னும் சாஸ்திரம்

கணக்கு சம்பந்தமான யந்திரம் என்று அவர் சொன்னது வெறும் வேடிக்கையல்ல. விதையைக் கையால் வாரித் தூவினால் ஓரிடத்தில் ஐந்து விழும். இன்னோரிடத்தில் ஒன்றும் விழாது. நெருங்கிய பயிர் ஒன்றையொன்று பட்டினி போடும். வெற்றிடத்தில் களை குடியேறும். ஆகவே விதையை வரிசையில், ஒரே ஆழத்தில், ஒரே தூரத்தில் இடுவதற்கு மனிதர்கள் வெகுகாலமாய் வழி தேடி வந்திருக்கிறார்கள். நம் தென்னாட்டில் மரச் சட்டத்தில் மூங்கில் குழாய்களைப் பொருத்தி, மாடு பூட்டி, குழாய் வழியே விதை விடும் முறை பழமையானது. அப்படி விதைப்பதை 1790-களில் தென்னிந்தியாவில் நேரில் கண்ட கேப்டன் தாமஸ் ஹால்காட் என்னும் ஆங்கிலேயர், இது ஐரோப்பியர் புதிதாகக் கண்டுபிடித்தது என்றல்லவா நினைத்திருந்தோம் என்று ஆச்சரியப்பட்டு இங்கிலாந்துக்கு எழுதினார்.

அமெரிக்கச் சோள நாட்டில் இந்த வேலைக்கு யந்திரம் வகுத்தவர்களுள் முக்கியமானவர் இல்லினாய்ஸ்காரரான ஜார்ஜ் பிரௌன். 1853-ஆம் வருஷம் பேடண்டு பெற்றார். குதிரைகள் இழுக்கும், ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்திருப்பார், முன்னால் ஒரு பையன் உட்கார்ந்து, அடையாளம் வந்த இடத்திலெல்லாம் ஒரு நெம்புகோலை இழுப்பான், விதை விழும். பிற்பாடு பையனுக்குப் பதிலாக முடிச்சுகள் உள்ள ஒரு நீண்ட கம்பி வந்தது. வயலின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை அதை விரித்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு முடிச்சும் யந்திரத்தின் கையைத் தட்டும் போது இரண்டு மூன்று விதைகள் சேர்ந்து விழும். நாற்பது அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, நாற்பது அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் வயல் முழுவதும் சதுரங்கப் பலகை போலாகிவிடும். நெடுக்கிலும் களை பறிக்கலாம். குறுக்கிலும் களை பறிக்கலாம். களைக்கொல்லி மருந்துகள் இல்லாத காலத்தில் இது எவ்வளவு பெரிய சகாயம் என்பது களையெடுக்கக் குனிந்தவர்களுக்குத் தெரியும்.

நாற்பது அங்குலம் என்பது எங்கிருந்து வந்தது? பயிருக்கு நடுவே குதிரை நடந்து போக வேண்டுமே, அந்தக் கணக்கில் வந்தது! குதிரை போய் டிராக்டர் வந்த பிறகும் நெடுநாள் வரையில் வரிசைகள் குதிரையின் அகலத்திலேயே இருந்தன. வழக்கம் என்பது அவ்வளவு இலேசில் போய்விடுமா?

டிராக்டரின் மூன்று கைகள்

கிழவருடைய தகப்பனார் 1950-ல் வாங்கிய டிராக்டர் போர்டு '8-என்' என்பது. மேலே சாம்பல் நிறம், வயிற்றுப் பக்கம் சிவப்பு. இதன் முன்னோரான '9-என்' 1939-ல் வெளிவந்தது. அதற்கு முந்திய வருஷம் ஹென்றி போர்டும், அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குஸனும் காகிதத்தில் ஒரு வரிகூட எழுதாமல் கை குலுக்கியே ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். போர்டு டிராக்டர் செய்வது. பெர்குஸன் தமது புதிய இணைப்பு முறையைத் தருவது. போர்டின் பேரர் காலத்தில் அந்த உறவு முறிந்தது. வழக்கு நடந்து 1952-ல்தான் தீர்ந்தது. பெர்குஸனுக்குக் கிடைத்த தொகை 92 லட்சத்து 50 ஆயிரம் டாலர். வெறும் கை குலுக்கலின் விலை இது!

பெர்குஸனின் முறை நமக்குப் புதிதல்ல. 1960-ல் சென்னையில் ஆரம்பிக்கப்பட்ட டாபே கம்பெனி செய்த மாஸி பெர்குஸன் டிராக்டர்களின் பின்புறத்தை நம் கிராமங்களில் பார்த்தவர்களுக்கு உடனே விளங்கும். கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை; ஆக மூன்று இடங்களில் கருவி பிணைக்கப்படுகிறது. எண்ணெய் அழுத்தத்தால் கைகள் உயர்ந்தால் கருவியும் உயர்கிறது. வரிசையின் கோடிக்கு வந்ததும் விதை யந்திரத்தை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு, சிறிய இடத்திலேயே திரும்பி, மறுபடி இறக்கிவிடலாம். வண்டி போல் பின்னால் இழுத்துச் செல்லும் யந்திரத்துக்கு இந்த வசதி இல்லை.

வர்ணத்தை நம்பாதே

இனி, ஏலத்தில் எடுத்த யந்திரத்தின் பூர்வோத்தரத்தை ஆராய்வோம்.

பேரப்பிள்ளை முதலில் வர்ணத்தைப் பார்த்தான். பளிச்சென்று சிவப்பாயிருந்தது. சோள நாட்டில் வர்ணத்துக்குப் பெரிய மரியாதை உண்டு. பச்சை என்றால் ஜான் டீர், சிவப்பு என்றால் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர், ஆரஞ்சு என்றால் அல்லிஸ் சால்மர்ஸ் என்று குழந்தைகளும் சொல்லும். போர்டும் பெர்குஸனும் பிரிந்த பிறகு போர்டு டிராக்டருக்காக 'டியர்பார்ன்' என்ற பெயரில் விற்கப்பட்ட கருவிகளும் சிவப்புத்தான். ஆனால் வர்ணம் பூச ஒரு டப்பாவும் ஒரு பிற்பகலும் போதும். கிழவர் பேனாக்கத்தியால் இரண்டு இடங்களில் சுரண்டினார். சட்டத்தில் புதிய சிவப்பின் கீழ் பழைய சிவப்பு. விதைப் பெட்டியில் புதிய சிவப்பின் கீழ் பச்சை! ஆலிவர் கம்பெனிக்காரர்களும் பச்சை பூசினார்களாதலால் அதை வைத்து முடிவு கட்டுவதற்கில்லை. ஆனால் ஒன்று நிச்சயமாயிற்று: சட்டம் ஒரு வீட்டுப் பிள்ளை, பெட்டி வேறு வீட்டுப் பெண், நடுவில் யாரோ ஒரு குடியானவர் புரோகிதராயிருந்து முடிச்சுப் போட்டிருக்கிறார். பழைய யந்திரங்களில் இது சர்வசாதாரணம்.

அடுத்தபடி, டிராக்டரோடு சேரும் இடத்தைப் பார்த்தோம். இதுதான் பெரிய சாட்சி. 1950-களில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர்காரர்களின் கருவிகள் இரண்டு நீண்ட முள்களை டிராக்டரின் குழிகளுக்குள் செருகுவது போல் இருந்தன. அல்லிஸ் சால்மர்ஸ் கருவிகளில் ஒற்றை நாக்கு டிராக்டரின் அடிவயிற்றில் போய்க் கவ்விக்கொள்ளும். நம்முடைய யந்திரத்திலோ கீழே இரண்டு முளைகள், மேலே ஒரு துளை. முளைகளின் குறுக்களவு முக்கால் அங்குலத்துக்குச் சற்று அதிகம். சரியாகச் சொன்னால் எட்டில் ஏழு பங்கு அங்குலம். மேல் துளை முக்கால் அங்குல ஆணிக்கானது. சிறிய டிராக்டர்களுக்கென்று ஏற்பட்ட முதல் வகை இணைப்பின் அளவு இதுவே. ஆகவே '8-என்' டிராக்டரில் மாட்டுவதற்குத் தடையில்லை.

மூன்றாவது, வார்ப்பிரும்பில் எழும்பியிருக்கும் எண்கள். கம்பித் தூரிகையால் தேய்த்துச் சாக்கட்டியைத் தடவியதும் எழுத்துகள் வெண்மையாய் எழுந்து நின்றன. நான் முப்பது அடிக்கு அப்பால் இருக்கும் பையன்கள் படிப்பதற்காக எழுதும் சாக்கட்டி, எழுபது வருஷத்துக்கு அப்பால் இருந்தவர்கள் எழுதியதைப் படிக்கவும் உதவிற்று! பேரப்பிள்ளை உடனே ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த எண்ணுள்ள யந்திரம் எது என்று தன் கைப்பேசியில் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. ஏனெனில் அது உறுப்பின் எண். யந்திரத்தின் எண் அல்ல. ஒரே உறுப்பைப் பல யந்திரங்களில் போடுவது தொழிற்சாலைகளின் வழக்கம். பக்க எண்ணைச் சொல்லிப் புஸ்தகத்தின் பெயரைக் கேட்டால் புஸ்தகசாலைக்காரர் என்ன செய்வார்? நான்கைந்து உறுப்புகளின் எண்களைச் சேர்த்துப் பழைய உறுப்புப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகுதான், பெட்டிகளும் அவற்றின் அடிப்பாகமும் ஜான் டீர் கம்பெனியின் பழைய சரக்கு என்று தெளிவாயிற்று.

"சட்டம் யாருடையது?" என்று நான் கேட்டேன்.

"சட்டம் யாருடையதாயிருந்தால் என்ன? அது சுமக்கத்தான் போகிறது. விதை போகிற வழி யாருடையது என்பதுதான் கேள்வி" என்றார் கிழவர்.

அதுதான் அன்றைக்கு நான் கற்ற முதல் பாடம்.

உயிர்நிலை

இந்த யந்திரத்தின் உயிர் அதன் சக்கரத்தில் இல்லை, சங்கிலியில் இல்லை, பெட்டியின் அடியில் தட்டையாகச் சுழலும் உள்ளங்கை அகலமுள்ள ஒரு தகட்டில் இருக்கிறது. அந்தத் தகட்டின் விளிம்பைச் சுற்றிலும் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு சோள முத்தை ஏற்றுக்கொள்ளும். தகடு சுழலும்போது இரும்பு நாக்கு ஒன்று மேலே நிற்கும் மிகுதி முத்துகளை வழித்துத் தள்ளும். குழிக்குள் அடங்கிய முத்து துவாரத்துக்கு நேரே வந்ததும், வில் பொருத்திய இன்னொரு சிறிய உறுப்பு தலையில் ஒரு தட்டுத் தட்டி அதைக் கீழே அனுப்பும். முத்து குழாய் வழியே சாலில் விழும். தகட்டைச் சுழற்றுவது டிராக்டரின் எஞ்சின் அல்ல. நிலத்தில் உருளும் சக்கரமே. ஆகையால் டிராக்டர் மெதுவாய்ப் போனாலும் சற்று விரைந்து போனாலும் விதைக்கும் விதைக்கும் உள்ள தூரம் மாறுவதில்லை. ஆனால் மிகவும் விரைந்தால் முத்து குழியில் விழுவதற்குள் குழி நகர்ந்து போய்விடும். மணிக்கு மூன்று நான்கு மைலுக்குமேல் ஓட்டாதிருப்பது உத்தமம்.

தகடுகளில் எத்தனையோ தினுசு. முத்து செங்குத்தாக நிற்கும் குழிகள் கொண்டவை. படுத்துக் கிடக்கும் குழிகள் கொண்டவை. ஒரே குழியில் இரண்டு மூன்று முத்துகள் சேர்ந்து விழுபவை. சோயாவுக்கு, வெள்ளைச் சோளத்துக்கு என்று தனித்தனியே ஏற்பட்டவை. பிற்காலத்தில் ஒட்டு விதை விற்ற கம்பெனிகள் முத்துகளைச் சல்லடைகளில் சலித்து, பெரிய தட்டை, நடுத்தரத் தட்டை, சிறிய தட்டை, உருண்டை என்று பிரித்து, இந்த மூட்டைக்கு இன்ன எண்ணுள்ள தகடு என்று சீட்டே கட்டி அனுப்பினார்கள். 1970-களில் விரல்களால் பற்றி எடுக்கும் யந்திரங்களும் காற்றழுத்தத்தால் எடுக்கும் யந்திரங்களும் பரவிய பிறகுதான் இந்தத் தகடுகளின் ராஜ்யம் முடிவுக்கு வந்தது.

எங்கள் யந்திரத்தை இரும்புத் தாங்கிகளின் மேல் உயர்த்தி நிறுத்தினோம். (எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி, தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் யாரும் கை நீட்டக் கூடாது.) பெட்டிகளை உறை அணிந்த கையால் கழுவினோம். பழைய நாளில் விதைகளுக்குப் பாதரசம் கலந்த மருந்து பூசுவது உண்டு. அதன் மிச்சம் எங்கே ஒட்டியிருக்குமோ, யார் கண்டது? பிறகு விதையை இட்டு, சக்கரத்தைக் கையால் எட்டுத் தடவை சுற்றி, விழும் முத்துகளைப் பாத்திரத்தில் பிடித்தோம்.

கணக்கைக் கேளுங்கள். சக்கரத்தின் சுற்றளவை நூல் வைத்து அளந்தோம், 72 அங்குலம். சக்கரம் எட்டுத் தடவை சுற்றினால் தகடு மூன்று தடவை சுற்றுகிறது. தகட்டில் 16 குழிகள். ஆகவே 576 அங்குலத் தூரத்துக்கு 48 முத்துகள் விழ வேண்டும். அதாவது அடிக்கு ஒன்று. வரிசைக்கு வரிசை நாற்பது அங்குலமானால் ஓர் ஏக்கரில் வரிசைகளின் மொத்த நீளம் 13,068 அடி. ஏக்கருக்கு 13,068 செடிகள். இன்றைய ஒட்டு விதைகளை அங்கே 30,000-க்கு மேல் நெருக்கி விதைக்கிறார்கள். பழைய சோளம் அவ்வளவு நெருக்கத்தைத் தாங்காது. 16 குழித் தகட்டுக்குப் பதில் 24 குழித் தகட்டைப் போட்டால் அதே சக்கரம், அதே சங்கிலி, ஆனால் எட்டு அங்குலத்துக்கு ஒரு முத்து!

நாற்பத்தெட்டு விழ வேண்டிய இடத்தில் இடது பெட்டியிலிருந்து விழுந்தவை எழுபத்தொன்று. வலது பெட்டியிலிருந்து விழுந்தவை முப்பது. அவற்றிலும் ஒன்பது உடைந்தவை.

கிழவர் முகம் வாடிவிட்டது. இருக்கும் விதையே இருபத்தைந்து பவுண்டு. இடது பெட்டி அதை இரண்டிரண்டாய் வாரி இறைக்கிறது. வலது பெட்டி அரைத்துத் தருகிறது. யந்திரமே கெட்டுப் போயிற்று என்று பேரப்பிள்ளை தீர்ப்புச் சொன்னான். கிழவர் பெட்டிகளைக் கவிழ்த்துத் தகடுகளைக் கழற்றி அருகருகே வைத்தார். இரண்டும் வேறு வேறு! இடது தகட்டின் குழிகள் பெரியவை. முத்துகள் ஜோடியாய் ஏறிக்கொண்டன. வலது தகட்டின் குழிகள் சிறியவை. முத்து பாதிதான் இறங்கிற்று, வெளியே நீட்டிய பாதியை இரும்பு நாக்கு நறுக்கிற்று. யாரோ ஒருவர், எந்த அவசரத்திலோ, கையில் அகப்பட்டதை மாட்டியிருக்கிறார்.

யந்திரத்தின் மேல் குற்றமில்லை. அது கொடுத்ததைக் கொடுத்தபடி செய்தது.

விதைக்கு ஒரு தகடு

கொட்டகையில் ஒரு தகர டப்பா நிறையப் பழைய தகடுகள் இருந்தன. எதைத் தேர்ந்தெடுப்பது? எண்ணைப் பார்த்தல்ல, விதையைப் பார்த்து. பத்து முத்துகளை எடுத்துக் குழிகளில் கையால் இட்டுப் பார்க்க வேண்டும். முத்து தாராளமாக விழ வேண்டும். ஆனால் இரண்டாவதற்கு இடம் இருக்கக் கூடாது. தகட்டின் கனமும் முத்தின் கனத்துக்கு ஒத்திருக்க வேண்டும்.

ஆனால் முத்துகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாலல்லவா? இங்கே அந்தச் சோளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதன் பெயர் 'ரீட் மஞ்சள் சோளம்.' பிறந்த இடம் அதே இல்லினாய்ஸ் மாகாணத்தில், பியோரியாவுக்குத் தெற்கே டெலவான் என்னும் ஊர்ப் பக்கம். ராபர்ட் ரீட் என்பவர் 1846-ல் ஒஹையோவிலிருந்து அங்கே குடியேறினார். கூடவே ஒரு சிவந்த சோளத்தையும் கொண்டுவந்தார். 1847-ல் விதைத்தபோது அது சரியாக முளைக்கவில்லை. வயலெங்கும் வெற்றிடம். ரீட் அந்த இடைவெளிகளில் உள்ளூர்ச் சிறு மஞ்சள் சோளத்தை ஊன்றினார். இரண்டும் கலந்தன. அவருடைய புதல்வர் ஜேம்ஸ் ரீட் வருஷக்கணக்காகப் பொறுக்கித் தேர்ந்து வளர்த்த அந்தக் கலப்புச் சோளம் 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு பெற்றது. பிற்கால ஒட்டு விதைகள் பலவற்றின் மூதாதையரில் அதுவும் ஒன்று. முளைக்காத இடத்திலிருந்து ஒரு வம்சம் முளைத்தது!

இந்தச் சோளம் கம்பெனிச் சல்லடையில் சலித்து வந்ததல்ல. ஆகவே கிழவர் பழைய முறையைக் கையாண்டிருந்தார். ஒவ்வொரு கதிரிலும் நுனியிலுள்ள முத்துகள் சிறுத்திருக்கும், அடியிலுள்ளவை உருண்டிருக்கும், நடுவிலுள்ளவைதான் தட்டையாய், ஒரே அளவாய் இருக்கும். நுனியையும் அடியையும் கோழிக்கு உதிர்த்துவிட்டு, நடுப்பகுதியை மாத்திரம் விதைக்கு எடுப்பது. பனிக்காலம் முழுவதும் பாட்டனும் பேரனும் அடுப்படியில் உட்கார்ந்து உதிர்த்த விதை அது. அந்த விதைக்கு ஒத்த ஜோடித் தகடுகளை டப்பாவிலிருந்து கண்டெடுக்க ஒரு முழுப் பிற்பகல் ஆயிற்று. இடது பக்கத்தில் ஒரு கஷ்டம் மிஞ்சியது: புதிய தகடு சற்று மெல்லியது, அதன் கீழே இருக்க வேண்டிய அடிவளையம் இல்லை, முத்துகள் தகட்டுக்கு அடியில் நழுவிப் போயின. டப்பாவின் அடியில் வளையமும் அகப்பட்டது. முத்துகள் வழுக்கிச் செல்லும்படி கொஞ்சம் காரீயத் தூளைத் தூவிக் கலந்தோம். பென்சிலின் உள்ளிருக்கும் அதே கரிய பொருள்தான்.

மறுபடி எட்டுச் சுற்று. இடது, நாற்பத்தேழு, வலது, நாற்பத்தெட்டு. இன்னொரு முறை: நாற்பத்தொன்பது, நாற்பத்தெட்டு. உடைந்தது ஒன்றுகூட இல்லை. பேரப்பிள்ளை விழுந்த முத்துகளை ஒன்று விடாமல் பொறுக்கிப் பையில் திரும்பப் போட்டான். அவன் அப்படிப் பொறுக்கியதைப் பார்த்தபோதுதான் இந்த விதைப்பில் அவனுக்கும் சிரத்தை வந்துவிட்டது என்று தெரிந்தது.

வயலில்

வயலில் இறங்குவதற்கு முன் இன்னும் சில காரியங்கள். யந்திரம் முன்னாலோ பின்னாலோ சாயாமல் நிற்கும்படி டிராக்டரின் மேல் கையை நீட்டியும் குறுக்கியும் சரிசெய்ய வேண்டும். சாய்ந்தால் கொழு ஓரிடத்தில் ஆழமாயும் ஓரிடத்தில் மேலாகவும் போகும். பின்னே வரும் அழுத்துச் சக்கரம் சாலின் இருபுறமும் மண்ணைச் சேர்த்து அமுக்க வேண்டும். அடையாளக் கோலின் நீளத்தையும் கணக்கிட வேண்டும். இரண்டு வரிசை யந்திரம், வரிசைக்கு வரிசை நாற்பது அங்குலம் என்றால், திரும்பி வரும்போது டிராக்டரின் நடுப்பகுதி எண்பது அங்குலம் தள்ளி வர வேண்டும். ஆகவே நடுவிலிருந்து எண்பது அங்குலத்தில் கோல் கீறிக்கொண்டு போகும். திரும்புகையில் அந்தக் கீறல் மூக்குக்கு நேரே இருந்தால் போதும்.

காலையில் மண்ணுக்குள் இரண்டு அங்குல ஆழத்தில் உஷ்ணமானியைச் செருகிப் பார்த்தார் கிழவர். பத்து டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்தால் சோளம் முளைக்காமல் அழுகும். பன்னிரண்டு இருந்தது. மேற்கே மேகம் கறுத்திருந்தது. மறுநாள் மழை நிச்சயம் என்றார்கள்.

முதல் முப்பது அடி ஓட்டியதும் நிறுத்தி, சாலைக் கையால் கிளறிப் பார்த்தோம். ஓர் அங்குலம் ஆழத்தில் கிடந்தது முத்து. கொழுவைத் தாழ்த்தினார். மறுபடி கிளறினால் இரண்டு அங்குலம், அடிக்கு ஒன்று. எத்தனை கணக்குப் போட்டாலும் மண்ணைக் கிளறிப் பார்க்காதவன் விதைத்தவனல்ல என்பது கிழவர் சித்தாந்தம்.

பேரப்பிள்ளை நேர்க்கோடாக ஓட்டினான். பிறகு, விருந்தாளிக்கு மரியாதை செய்ய வேண்டுமே என்று என்னையும் ஆசனத்தில் ஏற்றினார்கள். பாதி வரிசை வரையில் சாட்சாத் பலராமனைப் போல் உழவர் கோலத்தில் வீற்றிருந்தேன். அப்போது காற்றில் என் தொப்பி பறந்தது. டிராக்டரை நிறுத்தி, தொப்பி விழுந்த இடத்துக்கு இரண்டடி பின்னுக்கு நகர்த்தி, எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி முன்னே ஓட்டினேன். வரிசையின் கோடியில் கிழவர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"வாத்தியாரே, பின்னுக்கு வந்தபோது யந்திரத்தைத் தூக்கினீரா?"

தூக்கவில்லை! மண்ணில் இறங்கியிருக்கும் கொழு பின்னுக்கு நகர்ந்தால் விதை விழும் வாயில் மண் அடைத்துக்கொள்ளும். வலது வாயில் களிமண் கல்லாய் இறுகியிருந்தது. அதற்கு மேலே குழாய் நிறைய முத்துகள். தொப்பி விழுந்த இடத்திலிருந்து கோடி வரையில் அந்த வரிசையில் ஒரு விதைகூட விழவில்லை. கிழவர் ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லாமல் குச்சியால் மண்ணைக் குத்தி எடுத்தார். குழாயிலிருந்த முத்துகளைப் பேரப்பிள்ளை பொறுக்கினான். பொழுது சாய்வதற்குள் இரண்டு ஏக்கரும் முடிந்தன. பெட்டியின் அடியில் ஐந்து பவுண்டு விதை மிச்சம். அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை.

நான் ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் திறந்த பிறகு, ஜூன் மாதத்தில், என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கறுப்பு மண்ணில் பச்சை முளைகள் வரிசை வரிசையாய், அடிக்கு ஒன்றாய் நிற்கின்றன. ஒரே ஒரு வரிசையில் மாத்திரம் பாதிக்கு மேல் முளைகள் குட்டையாயிருந்தன. என் தொப்பி விழுந்த இடத்திலிருந்து, மிஞ்சிய விதையைக் கையால் ஊன்றியிருக்கிறார்கள். படத்தின் கீழே கிழவர் எழுதியிருந்தார்:

"ராபர்ட் ரீட்டுக்கும் இப்படித்தான் ஆயிற்று. வருத்தப்படாதீர், வாத்தியாரே. அந்த வரிசைக் கதிர்களைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும் என்கிறான் பேரன்."